கூண்டுக் கோழி மலையேறிய கதை

மலையேறத் தொடங்கிய இரண்டாம் நாள் காலையில், சாப்பாட்டுக் கூடாரத்து மேசையின் மேல், வெந்நீர்ப் பிளாஸ்குக்கும் ஜாம் பாட்டிலுக்கும் நடுவில் ஒரு வெள்ளைக் கோழி நின்றுகொண்டிருந்தது. மரத்துக்கு மரம் தாடி போலப் பாசி தொங்குகிற, குரங்கைத் தவிர வேறு குடியில்லாத, ஊரும் தெருவும் கீழே மேகத்துக்குள் முழுகிப்போன கிளிமஞ்சாரோச் சரிவில் அந்தக் கோழி எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. அது யாருடைய கோழி என்பதுதான் உள்ளே வந்த நாலு பேருக்கும் கேள்வி. அதையும் யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை.

ஏனென்றால் நாலு பேரும் பண்ணைக்காரர்கள். நாமக்கல் பக்கம் சீத்தக்காட்டுப் புதூரில், ஒரே தார்ச்சாலைக்கு இந்த ஓரத்திலும் அந்த ஓரத்திலுமாக முட்டைக்கோழி வளர்ப்பவர்கள். ஊரிலேயே பழைய பண்ணைக்காரர் செங்கோட்டுவேலு. அவருக்கு வேலியடுத்த பண்ணைக்காரரும், அவர் வலது பக்கம் என்றால் இடது பக்கம் என்பவருமான குப்பண்ணன். புருஷன் போன பிறகு தனியாளாக நின்று ஷெட் ஓட்டுகிற ராசாமணி. எல்லாருக்கும் சின்னவள் சுகந்தி. தீவனம் அதிகம் வாங்கியதற்குப் பரிசாகத் தீவனக் கம்பெனி அவர்களை அனுப்பியிருந்தது. முந்தின வருஷமெல்லாம் பாங்காக், துபாய் என்று அனுப்பிய கம்பெனியில் யாரோ ஒரு மேலதிகாரிக்கு மலை ஆசை பிடித்துவிட, இந்த வருஷம் ஆப்பிரிக்கா. கூட வந்தவன் கிருபாகரன். கம்பெனியின் விற்பனை ஆள். பைக்கில் ஊர் ஊராகப் போய் ஆர்டர் எடுப்பவன், கோழிகளுக்குத் தடுப்பு மருந்தையும் அவனே கொண்டுவந்து இலவசமாகத் தருபவன். இங்கே வழிகாட்டி அமினியேல் பேசுகிற இங்கிலீஷைத் தமிழாக்கிச் சொல்வதும் அவன் வேலைதான்.

"கோழிங்கொ," என்றார் செங்கோட்டுவேலு, மழை வருது என்பதுபோல.

"ஆமாங் மாமா, கோழிதானுங்," என்றாள் சுகந்தி.

"காட்டுக்கோழியாட்டம் இருக்குது," என்றார் குப்பண்ணன். அலகு வெட்டின காட்டுக்கோழியை அவர் எந்தக் காட்டில் கண்டாரோ, அதையும் யாரும் கேட்கவில்லை.

அலகு ஒருசாய்வாக வெட்டப்பட்டிருந்தது. கொண்டையின் நுனி இரண்டாகப் பிளந்திருந்தது. இடது காலில் நடு நகம் இல்லை. மிச்ச நகங்கள் தரையையே மிதிக்காத கூண்டுக் கோழிக்கு வளர்வதுபோலக் கொக்கியாக வளைந்து கிடந்தன. இதையெல்லாம் சுகந்தி பார்க்கவில்லை. கோழி சோம்பல் முறித்து இறக்கையை விரித்தபோது அடியில் தெரிந்த நீலப் பொட்டைத்தான் பார்த்தாள். பார்த்ததும் கையிலிருந்த ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டாள்.

அந்த நீலப் பொட்டு அவள் புருஷன் லோகநாதன் வைத்தது. புறப்படுவதற்கு முந்தின வாரம் அவர்கள் ஷெட்டின் வடக்கு வரிசையில் கோழிகள் தலை தொங்கி, பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, ஒன்றன்பின் ஒன்றாக விழ ஆரம்பித்தன. வெள்ளைக் கழிச்சல். சந்தேகமான கோழிக்கெல்லாம் இறக்கைக்கு அடியில் நீல மை வைத்துத் தனியாகப் பிரித்தான். விழுந்ததையெல்லாம் ஷெட்டுக்குப் பின்னால் குழிவெட்டிப் புதைத்தான். மருந்து போட்டு ஒரு மாசம்கூட ஆகவில்லை. தேர் இழுத்த அன்றைக்கு, ஊர்வலத்தில் வழியடைத்து நின்று, சாயங்காலமாகக் கிருபாகரன் ஐஸ் பெட்டியில் கொண்டுவந்து கொடுத்த மருந்து. தண்ணீரில் கலக்கும்போது அளவு தப்பிவிட்டதோ என்று லோகநாதன் தன் கையையே பார்த்துப் பார்த்து மாய்ந்துபோனான்.

"நீ போயிட்டு வா சுகந்தி," என்று அவன்தான் அனுப்பினான். "நாம போகலைன்னா ஊரு மோப்பம் புடிச்சுரும். முட்டை லாரி நம்ம வாசல்ல நிக்காது. சிரிச்ச மொகமா ஏறு. பையனை நான் பாத்துக்கறேன்."

சிரிப்பதற்குச் சுகந்திக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கல்யாண வீட்டில் பந்தி முடிந்தபின் பாத்திரம் கழுவும் இடத்தில்கூடச் சிரித்துக்கொண்டிருப்பவள். ஆனால் சாலைக்கு அந்தப் பக்கம், அவள் ஷெட்டுக்கு நேர் எதிரே, காற்றடித்தால் அவள் ஷெட்டின் இறகு போய் விழுகிற தூரத்தில் இருப்பது ராசாமணியின் ஷெட். அந்த ராசாமணியோடுதான் இங்கே ஒரே கூடாரம். நோய் வரும் முன்னே தெரிந்தால் மருந்து போட்டுக் காப்பாற்றிக்கொள்ளலாம்; வந்த பிறகு தெரிந்தால் குழிதான் வெட்டலாம். தூங்கும்போது ராசாமணி, "குளுருதா கண்ணு?" என்று தன் சால்வையை எடுத்து மூடிவிடும்போதெல்லாம், சுகந்திக்கு அந்தச் சால்வை கோணிச்சாக்கு மாதிரி உறுத்தியது.

கோழியை என்ன செய்வது என்று கிருபாகரன் போய்க் கேட்டான். அமினியேல் தொப்பியைக் கழற்றி, கோழியைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு ஒரு வாக்கியம் சொன்னார்.

"நடந்து வந்தது ஒரம்பரை, தூக்கி வந்தது மளிகை. அவங்க ஆளுங்களுக்குள்ள அப்படி ஒரு வழக்கமாம். நடந்து வந்துட்டதால ஒரம்பரைதானாம்," என்று கிருபாகரன் தமிழாக்கினான்.

அவ்வளவுதான், கோழி விருந்தாளியாகிவிட்டது; அதற்குமேல் சுமைகாரர்களுக்கு அதில் ஆச்சரியம் எதுவும் மிச்சமில்லை. காலையில் எல்லாருக்கும் முகம் கழுவக் கிண்ணத்தில் வெந்நீர் வைக்கும்போது கூடாரத்துக்கு வெளியே கோழிக்கும் ஒரு கிண்ணம் வைத்தார்கள். சாயங்கால டீயோடு வருகிற சோளப்பொரியில் அதற்கு ஒரு பங்கு. மூட்டைக்குப் போடுகிற மழையுறை ஒன்றை இரண்டு குச்சியில் கட்டி அதற்கென்று ஒரு கூடாரம். முகாமை விட்டுக் கிளம்பும்போது பாடுகிற பாட்டில், அவர்கள் பாஷையில் கோழியம்மா என்று ஒரு பெயரையும் சேர்த்துக்கொண்டார்கள். ஒரம்பரை என்றால் கடைசியில் சுமைகாரர்களுக்கு இனாம் ஏதாவது கொடுக்குமா என்று மட்டும் அவர்களுக்குள் ஒரு வாக்குவாதம் நடந்தது. முட்டையாகக் கொடுக்கும் என்று சமையல்காரர் தீர்ப்புச் சொல்லி முடித்துவைத்தார்.

கோழியும் நடந்தது. பிறந்ததிலிருந்து கம்பியின்மேல் நின்றே பழகிய கோழி, பூமி என்பது இப்படி அடி வாங்கிக்கொண்டு பேசாமல் கிடக்கும் என்று தெரியாமல், ஒரு காலை வைத்து, எடுத்து, மண் தன்னோடு வருகிறதா என்று திரும்பிப் பார்த்து, மறுகாலை வைத்து, கல்லில் வழுக்கி, புல்லில் சிக்கி, சுகந்தியின் மகன் இனியன் போன வருஷம் சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்ததுபோலவே நடந்தது. முன்னால் போகிற சுமைகாரர்கள் தலையில் மூட்டையோடு நின்று, "போலே, போலே" என்றார்கள். மெதுவா, மெதுவா என்று கிருபாகரன் சொன்னான். மரங்கள் குட்டையாகி, குட்டை மரங்கள் புதராகி, புதரும் கல்லாகிற வரைக்கும் கோழி மெதுவாக, மெதுவாக அவர்கள் பின்னாலேயே வந்தது. நாலு பேரும் திரும்பிப் பார்க்கவில்லை. நாலு பேருக்கும் அது எத்தனை எட்டுப் பின்னால் வருகிறது என்று தெரிந்திருந்தது.

ஷீரா முகாமில் வனக்காவலர், ஏறுகிற எல்லாருடைய பேரையும் ஊரையும் வயதையும் பதிந்துகொள்பவர், கோழியின் முறை வந்ததும் பேனாவை எடுத்துக்கொண்டு நாடு எது என்று கேட்டார். பண்ணைக்காரர்கள் ஆளுக்கொரு திசையில் மலையழகைப் பார்த்தார்கள். அமினியேல்தான் இந்தியா என்றார். வயசு என்ன என்றார் காவலர்.

"எழுவத்திரண்டு வாரம்," என்றார் குப்பண்ணன்.

வாய் தவறி வந்துவிட்டது. முப்பது வருஷமாகக் கோழிக்கு வயசு கேட்டால் வாரத்தில் சொல்லிப் பழகிய வாய்.

"உங்களுக்கெப்பிடித் தெரியுமுங்?" என்று ராசாமணி மெதுவாகக் கேட்டாள்.

"பாத்தாத் தெரியாதா? கால் நெறத்தப் பாரு, கொண்டையப் பாரு."

"தெரியுந் தெரியும்," என்றார் செங்கோட்டுவேலு. "தெரிஞ்சவங்களுக்குத் தெரியும்."

பார்த்ததும் நாலு பேருக்குமே தெரிந்த வயசுதான் அது. ஆனாலும் அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் குப்பண்ணனுக்குப் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. சுகந்திக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி. சந்தேகம் அவர் பக்கம் போனால் தன் பக்கம் வராது. அந்த நிம்மதியை நினைத்து அவளுக்கே கூசியது, ஆனாலும் இரண்டு கரண்டி சூப் கூட வாங்கிக் குடித்தாள்.

மறுநாளிலிருந்து கோழி முட்டை வைத்தது. முதல் முட்டை செங்கோட்டுவேலுவின் பூட்ஸுக்குள். காலை விட்டவர் சட்டென்று வெளியே இழுத்தார். ஓடே இல்லாத தோல் முட்டை, பலூனில் தண்ணீர் கட்டினதுபோலத் தளதளவென்று. கோழிக்கு உள்ளே நோய் இருந்தால் அப்படி வைக்கும். புதூரில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக்கூட அது தெரியும். அவர் அதைக் காலுறையில் சுருட்டிப் பைக்குள் திணித்ததை மூன்று பேர் பார்த்தார்கள், மூன்று பேரும் பார்க்காததுபோல் ஷூ கயிற்றைக் கட்டினார்கள். அடுத்தது ராசாமணியின் குல்லாயில். அதற்கடுத்தது குப்பண்ணனின் கையுறையில். அதற்கும் அடுத்த நாள், விடிந்தும் விடியாத வெளிச்சத்தில், தூங்கும் பைக்குள் சுகந்தியின் முழங்காலுக்குப் பக்கத்தில் வெதுவெதுப்பாக எதுவோ பட்டது. எழுந்து உட்கார்ந்த ராசாமணி, "என்ன கண்ணு?" என்றாள். "கனவுங்க்கா," என்று சுகந்தி அதைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். கிருபாகரனின் ஷூவில் மட்டும் கோழி வைக்கவே இல்லை. அவன் முதல் முட்டையைக் கண்ட நாளிலிருந்து ஷூவை ஒரு பாலிதீன் கவரில் முடிந்து தலைக்கு வைத்துப் படுத்தான். விற்பனை ஆள், சுத்தம் பார்க்கிறவன் என்று நினைத்துக்கொண்டார்கள்.

கோழியை ஒழிக்க ஒவ்வொருவரும் தனித்தனியே பாடுபட்டார்கள். குப்பண்ணன் சமையல்காரரிடம் போய், கழுத்தறுக்கிறதுபோலவும் சட்டியில் கிண்டுகிறதுபோலவும் அபிநயம் பிடித்துக் காட்டினார். ஒரம்பரையையா என்று சமையல்காரர் அன்று முழுக்க அவருக்குக் காரமில்லாத குழம்பு ஊற்றினார். செங்கோட்டுவேலு ஒதுங்கப் போவதுபோலக் கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய், பாறைப் பொந்துக்குள் வைத்து, கல்லால் வாயை அடைத்துவிட்டு வந்தார். அடுத்த முகாமுக்கு அவர் மூச்சு வாங்கப் போய்ச் சேர்ந்தபோது அது அங்கே சோளப்பொரி தின்றுகொண்டிருந்தது.

சுகந்திக்கு வாய்ப்பு வந்தது பராங்கோ பாறைச் சுவரில். சுவர் என்றால் சுவரேதான். கையும் காலும் ஊன்றிப் பல்லிபோல ஏற வேண்டும். கோழியால் முடியாது, யாராவது எடுத்துக்கொள்ளுங்கள் என்று அமினியேல் கையைக் காட்ட, எல்லாரும் சுகந்தியைப் பார்த்தார்கள். பிள்ளை தூக்கிப் பழகின கையாம். அவள் அதை ஜாக்கெட்டுக்குள் விட்டு ஜிப்பை இழுத்துக்கொண்டாள். பாதிச் சுவரில், ஒற்றைக் கால் வைக்கிற இடத்தில், பின்னால் வருகிறவர்கள் வளைவுக்கு அந்தப் பக்கம் நின்றபோது, அவளுக்குக் கீழே வெறும் மேகம். ஜிப்பைத் திறந்தால் போதும். நீலப் பொட்டும் போயிற்று, வடக்கு வரிசையும் போயிற்று. ஜிப்பில் கையை வைத்தாள். உள்ளே கோழி, இனியன் தூக்கத்தில் செய்வதுபோலத் தலையை அவள் நெஞ்சுக்குழியில் முட்டிக்கொண்டு, ஒரு பெருமூச்சு விட்டது. அவள் ஜிப்பை இன்னும் கொஞ்சம் மேலே இழுத்துவிட்டு ஏறினாள்.

மேலே வந்ததும் ராசாமணி கேட்டாள்: "நடுவுல என்ன அம்மிணி, சித்தெ நேரம் நின்னுட்ட?"

"மூச்சு வாங்குச்சுங்க்கா."

"மூச்சா? என்னமோ ஜிப்பப் புடிச்சாப்பல இருந்துச்சு."

"நீங்க எங்கிருந்துங்க்கா பாத்தீங்க?"

"நாம் பாக்கலியே," என்றாள் ராசாமணி.

கடைசி முகாமுக்கு வந்தபோது காற்று கத்தி மாதிரி இருந்தது. தண்ணீர்ப் பாட்டில் உறைந்திருந்தது. அமினியேல் தரையைக் காலால் தட்டி, இந்த இடத்தின் பெயர் பராஃபு என்று சொல்லி, அதற்கு என்ன அர்த்தம் என்றும் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். குரங்கின் பெயரிலிருந்து குழம்பின் பெயர்வரை ஒன்று விடாமல் மொழிபெயர்த்துவந்த கிருபாகரன் இதை மட்டும் சொல்லவில்லை.

"என்ன தம்பி சொன்னாரு?" என்றாள் சுகந்தி.

"ஒண்ணுமில்லீங்க்கா. குளுரு சாஸ்தின்னாரு."

உச்சிக்கு இருட்டிலேயே கிளம்பினார்கள். சறுக்குகிற சரளைக்கல்லில் ஒரு எட்டு ஏறினால் அரை எட்டு வழுக்கியது. அமினியேலின் பூட்ஸுக்குப் பின்னால் செங்கோட்டுவேலு, அவருக்குப் பின்னால் குப்பண்ணன், பின்னால் ராசாமணி, சுகந்தி, கிருபாகரன். எல்லாருக்கும் பின்னால், யாரும் தூக்க வேண்டும் என்று கேட்காமல், கோழி. கிழக்கே ஆரஞ்சுப் பழத்தை உரித்த மாதிரி விடிந்தபோது பலகை நட்டிருந்த உச்சிக்கு வந்து சேர்ந்தார்கள். போட்டோ எடுக்க வரிசையாக நின்றார்கள். கோழியும் வந்து வரிசையில் நின்றது. நின்று, மெதுவாகக் கழுத்தை முறுக்கியது. முறுக்கி, முறுக்கி, தலை முதுகுக்குப் பின்னால் போய், இரண்டு கண்ணும் வானத்தைப் பார்த்து நிலைத்தன.

தோல் முட்டையைக் கண்டு வாய் மூடலாம். வெள்ளைக் கழிச்சல் முற்றினால் வருகிற, நட்சத்திரம் பார்க்கிற கழுத்தைக் கண்டு வாய் மூடிய பண்ணைக்காரன் கிடையாது.

"அக்கா," என்றாள் சுகந்தி. குனிந்து கோழியின் இறக்கையைத் தூக்கிக் காட்டினாள். "அக்கா, இது எங்க கோழி. றெக்கைக்கு அடியில நீலம் பாருங்க, இனியனோட அப்பா வெச்சது. வெள்ளைக் கழிச்சலுங்க்கா. நாம பொறப்படறதுக்கு முன்னாடியே உளுக ஆரம்பிச்சிருச்சு. உங்ககிட்டச் சொல்லாம வந்துட்டேன். உங்க ஷெட்டுக்காச்சும் மருந்து போடச் சொல்லுங்க, இன்னும் நேரமிருக்குது."

ராசாமணி அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"போடி அக்கட்ட. இது எம்பட கோழி. எடது கால்ல நடு நகம் எங்க? கூண்டுக் கம்பில மாட்டிக்கிட்டு, நாந்தேன் வெட்டி எடுத்தேன். எங்க ஷெட்டுல பொறப்படறதுக்கு மிந்துன வாரமே உளுக ஆரம்பிச்சிருச்சு. ஒனக்கு ஒட்டிக்குமேன்னு நாந்தேன் உன்ற மொகத்தப் பாக்க முடியாமக் கெடந்தேன்."

"என்ன பேசறீங்க ரெண்டு பேரும்?" என்று செங்கோட்டுவேலு கையுறையைக் கழற்றினார். "இந்த அலகப் பாருங்க. ஒருசாய்வு. என்ற கை நடுங்க ஆரம்பிச்சதுக்கப்பறம் வெட்டுன பேட்ச், அதுதான் அங்க உளுந்துட்டிருக்குது. ஊருல வேற எவன் இப்பிடி வெட்டுவான்?"

"கொண்டையப் பாரய்யா, கொண்டைய!" என்று குப்பண்ணன் குறுக்கே பாய்ந்தார். "ரெண்டாப் பொளந்தது என்ற கண்ணு முன்னாடி. என்ற ஷெட்டுலயுந்தான் உளுகுது. வாரத்தக்கூட நாந்தான சொன்னேன்? என்ற கோழியில்லீனா எனக்கெப்பிடித் தெரியும்?"

"பாத்தாத் தெரியும்னியே!" என்றார் செங்கோட்டுவேலு.

"அது சும்மா சொன்னதுய்யா!"

அத்தனை நாள் யாருக்கும் வேண்டாத கோழிக்கு, உலகத்துக் குளிரெல்லாம் கூடிக் குந்தியிருக்கிற அந்த உச்சியில், நாலு பேரும், "என்ற கோழி, என்ற கோழி" என்று மல்லுக்கட்டினார்கள். என்ன சண்டை என்று அமினியேல் கேட்டார். கிருபாகரன் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான். ஆனாலும் கையாட்டலிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. நல்லதுதான், இறங்கும்போது தூக்கிக்கொள்ள ஆள் இருக்கிறது என்பதுபோலச் சிரித்தார்.

போனில் இரண்டு கோடு சிக்னல் இருந்தது. சுகந்தி லோகநாதனைக் கூப்பிட்டு, ராசாமணி அக்கா வீட்டுக்குப் போ, ரெண்டு மாமா வீட்டுக்கும் போ, ஊருக்கே சொல்லு, நின்னுட்டிருக்கற கோழிக்கெல்லாம் புது மருந்து வாங்கிப் போடச் சொல்லு என்றாள். அந்தப் பக்கம் லோகநாதன், "அப்பாடா," என்றான். அதற்குப் பின்னால் இனியன் எதையோ உருட்டுகிற சத்தம் கேட்டது.

போனை வைத்த பிறகுதான் ராசாமணி கேட்டாள். "நாலு பண்ணையிலயும் ஒரே வாரத்துல எப்பிடிடி?"

அமினியேல் எதிரே கையை நீட்டி, வெயில் பட்டு நீலமாக மின்னுகிற, வீடு வீடாக அடுக்கிவைத்ததுபோல நிற்கிற பனிப்பாறைச் சுவரைக் காட்டினார். "பராஃபு," என்றார். ஐஸ் என்று சுகந்திக்கு இப்போது யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தேர் இழுத்த அன்றைக்குச் சாயங்காலம் மருந்துப் புட்டியை எடுக்கப் பெட்டிக்குள் கையை விட்டது அவள்தான். உள்ளே ஐஸ் இல்லை. தண்ணீர் இருந்தது, இனியனைக் குளிப்பாட்டுகிற பதத்தில். வெயிலில் வந்த பையன், பாவம் என்று மோர் கொடுத்து, மிச்ச மூன்று பண்ணைக்கும் அனுப்பினாள்.

"ஏந் தம்பி, அன்னைக்கு ஐஸு இருந்துச்சா?" என்றாள்.

கிருபாகரன் பலகையைப் பார்த்தான். "தேர்ல மாட்டிக்கிட்டங்க்கா. மத்தியானமே கரைஞ்சிருச்சு. சூடேறுன மருந்து வேலைக்காகாதுன்னு தெரியும். திருப்பிக் கொண்டுபோனா ஆபீஸ்ல..." என்றான்.

செங்கோட்டுவேலு ஒரு எட்டு முன்னால் வைத்தார். குப்பண்ணன், வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, அவர் நின்ற பக்கமே போய் நின்றார். ராசாமணி இரண்டு பேரையும் கையால் ஒதுக்கிவிட்டு, பனிச்சுவரடியில் உடைந்து கிடந்த ஒரு கட்டியைப் பொறுக்கிக்கொண்டு வந்தாள். கிருபாகரனின் கையுறையை உருவி, வெறும் உள்ளங்கையில் அதை வைத்து, விரல்களை மடக்கிவிட்டாள்.

"புடிங்க தம்பி. எத்தன ஐஸு, சும்மாவே கெடக்குது பாருங்க."

அவன் கையை உதறவில்லை. விரலிடுக்கில் தண்ணீர் சொட்டியது. அப்போது கோழி, வானத்தைப் பார்த்த கழுத்தோடேயே, வழி பார்க்காமலே வழி தெரிந்ததுபோல, மெதுவாக, மெதுவாக நடந்துவந்து, அவன் பூட்ஸின் மேல் ஏறி, இறகைச் சிலிர்த்துப் பரப்பி உட்கார்ந்தது. அது எதற்கு அப்படி உட்காருகிறது என்று நாலு பண்ணைக்காரருக்கும் தெரியும். முட்டை வைக்க உட்கார்ந்த கோழியை எழுப்பக் கூடாது என்றும் தெரியும். நாலு பேரும் சுற்றி நின்று, அவசரப்படாமல் காத்திருந்தார்கள்.